ஒரு வாரச் சாலை

பெரம்பலூர்,
19 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய திருமதி வெற்றிச்செல்வி அவர்களுக்கு,

வணக்கம்.

என் பெயர் சி. குருநாதன். தாங்கள் என்னை அறிவீர்கள். இருப்பினும், எழுதுபவர் யார், எதற்காக எழுதுகிறார் என்பதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது தங்கள் தந்தையாரின் அலுவலகத்தில் நாங்கள் கைக்கொண்ட முறை. அவர் அந்த மலை மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஐந்தாண்டுகளும் நான் அவருடைய தனிச் செயலராக இருந்தேன். இப்போது இங்கே ஒரு கல்லூரியின் பதிவாளராகவும், மேதகு ந. பழனிவேல் நினைவுக் குழுவின் செயலாளராகவும் இருக்கிறேன். வரும் நவம்பர் 21 அன்று அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்று எங்கள் கல்லூரிக் கலையரங்கில் அவரது உருவப்படத்தைத் தாங்கள் திறந்து வைத்துச் சில நிமிடங்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே இக்கடிதத்தின் நோக்கம். பலமுறை தொலைபேசியில் அழைத்தும் தாங்கள் எடுக்காததால் எழுதுகிறேன்.

நிலமற்ற விவசாயக் கூலிகளின் மகனாகக் கரம்பைமேட்டில் பிறந்து, நீதிபதியாகி, ஒரு மாநிலத்தின் முதல் குடிமகனாக உயர்ந்த ஒருவரின் வாழ்வை இந்த மாவட்டத்தின் மாணவர்கள் அறிய வேண்டும். ஓவியர் தம் பணியை முடித்துவிட்டார். அரசு விழாக்களில் அணியும், கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டில் அவரை வரைந்திருக்கிறார். முகத்தோற்றம் நன்கு அமைந்துள்ளது.

சென்ற ஆண்டு இறுதிச் சடங்கின்போது குழு எவ்வளவு கவனமாகச் செயல்பட்டது என்பதைத் தாங்கள் நேரில் கண்டீர்கள். ஊரின் கிழக்குத் தெருவிலிருந்து மயானத்துக்கு வாகனம் செல்ல வழி இல்லை. ஓடைக்கரையில் காவல் துறை வண்டி இறங்காது. எனவே இடையில் உள்ள திரு. ராஜவேல் அவர்களின் கொல்லை நிலத்தில் தற்காலிகமாகக் கிராவல் கொட்டிப் பாதை அமைத்தோம். துப்பாக்கி மரியாதை, கொடி, அணிவகுப்பு எதிலும் ஒரு குறையும் நேரவில்லை. ஒரு வாரத்துக்குள் பாதையை அகற்றிவிடுவதாக நிலத்துக்காரருக்கு நான் வாக்களித்திருந்தேன். அவ்வாறே அகற்றி, நிலத்தை முன்பிருந்தபடி ஒப்படைத்தேன். அந்தக் கிராவல்கூட வீணாகவில்லை. கல்லூரி விடுதியின் பின்புறம் குவித்து, தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறோம்.

அதே ஒழுங்குடன் நினைவு நாளும் நடைபெறும் என உறுதியளிக்கிறேன். அழைப்பிதழ் அச்சுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் தங்கள் இசைவை விரைவில் தெரிவிக்கக் கோருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சி. குருநாதன்


அரியலூர்,
30 ஆகஸ்ட் 2024

செயலாளர் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோபத்தில் எதையாவது சொல்லியிருப்பேன். நீங்களும் அதற்கு விதிப்படி ஒரு பதில் வைத்திருப்பீர்கள். எழுதும்போது நாலு தடவை அடித்துத் திருத்தலாம், அதனால் எழுதுகிறேன்.

படம் திறக்க நான் வரவில்லை.

காரணம் கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எந்த வரியைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களோ அந்த வரிதான்.

நான் சுண்ணாம்புக்கல் லாரி வைத்துப் பிழைக்கிறவள். அப்பா சாவுக்கு அந்தக் கிராவலைக் கொண்டுவந்து கொட்டியது என் டிப்பர்கள். யாரும் கேட்காமல் நானே அனுப்பினேன். ராவோடு ராவாக என் டிரைவர்கள் கொட்டி, மட்டம் தட்டி, விடியும்போது பாதை தயாராக இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மழை பெய்தும் சேறாகாத பாதையை அந்தத் திசையில் அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சில பேர் சும்மாவே சுடுகாடு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

ஒரு வாரம் கழித்து அதை அள்ளியதும் என் வண்டிதான். வேல்முருகனை உங்களுக்கு நினைவிருக்கும், எங்கள் வண்டி ஓட்டுகிற தம்பி, அதே தெருக்காரன். உங்கள் குழுவிலிருந்து சொன்னார்கள் என்று அவன் போய் அள்ளியிருக்கிறான். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டானாம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன். "எங்கடா பாதை?" என்றேன். "நம்ம வண்டியிலதான் அள்ளுனேன் அக்கா, சுத்தமா அள்ளிட்டேன், ஒரு கல்லு கூட வுடல" என்றான். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தவன் மாதிரி நின்றான்.

அப்பாவுக்குப் பால் தெளிக்க ஓடைக்கரை வழியாக, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போனேன். அவரைக் கொண்டு போன பாதையில் என்னால் போக முடியவில்லை.

பிணம் ஆளுநராக இருந்தால் ஒரு ராத்திரியில் சாலை வரும், மற்றவர்களுக்கு ஓடை. இதைத்தான் நீங்கள் குறையில்லாமல் நடத்திக் காட்டினீர்கள். அதற்குக் கலையரங்கில் நின்று நான் நன்றி சொல்ல வேண்டுமா?

அப்புறம் அந்தக் கோட்டு. அதைப் போடும்போதெல்லாம் கழுத்தை அறுக்கிறது என்று அப்பா திட்டுவார். ஐந்து வருசம் கூட இருந்த உங்களுக்குத் தெரியாதா?

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்,
9 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய திருமதி வெற்றிச்செல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். கோபத்தில் எழுதப்பட்டதற்குக் கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்பதால்.

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் குற்றச்சாட்டை ஏற்க இயலவில்லை. அந்த நிலம் பட்டா நிலம். ஒருவருடைய நிலத்தை ஒரு தேவைக்காகக் கேட்டுப் பெற்றால், தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதே முறை. துக்கத்தின் பெயரால் நுழைந்துவிட்டு வெளியேறாமல் இருந்தால் அது ஆக்கிரமிப்பு. தங்கள் தந்தையாரின் பெயரால் ஓர் ஆக்கிரமிப்பு நிகழ்வதை நான் எப்படி அனுமதிப்பேன்? நிரந்தரப் பாதை வேண்டுமெனில் அதற்கு மனு, நில அளவை, ஒப்புதல் என்று வழிகள் உள்ளன.

அவரே இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். தம் எல்லையை ஓர் அங்குலமும் தாண்டாதவர் அவர். அந்த மாநிலத்தில் ஆற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூர் இருந்தது. அங்குள்ள பள்ளியில் பரிசு வழங்க அவரை அழைத்தார்கள். ஹெலிகாப்டரில் போகலாம் என்றனர் அதிகாரிகள். "அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் போகிறார்கள்?" என்று கேட்டார். ஆற்றின் குறுக்கே மூங்கிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றதும், தாமும் அதிலேயே போவதாகச் சொல்லிவிட்டார். ஆளுநர் நடந்தால் மரபுப்படி அதிகாரிகளும் உடன் நடக்க வேண்டும். அனைவரும் அந்த மூங்கிலைப் பற்றிக்கொண்டு கடந்தோம். நடு ஆற்றில் ஒரு பொறியாளரின் செருப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. ஐயா திரும்பிப் பார்த்து, "நீங்கள்தான் முதல் மனு கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். அந்தப் பொறியாளரும் சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் அதே ஊரில் ஓர் அறுவடை விழா. அதற்கும் போனார். பிறகு ஒரு திருமணம். பாலம் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. எந்தக் கோப்பிலும் எழுதவில்லை, எவருக்கும் உத்தரவிடவில்லை. அடுத்த கோடையில் அங்கே இரும்புப் பாலம் நின்றது. ஆளுநருக்கு அதிகாரம் இல்லாத ஒன்றை அவர் அதிகாரத்தால் செய்யவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அழைப்பிதழில் தங்கள் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். கோட்டைப் பற்றித் தாங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஓவியம் முடிந்துவிட்டது.

தங்கள் உண்மையுள்ள,
சி. குருநாதன்


அரியலூர்,
17 அக்டோபர் 2024

குருநாதன் சார்,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். இப்போது எழுத ஒரு சாவு வந்துவிட்டது.

பொன்னுத்தாய் அத்தை போய்விட்டாள். அப்பாவின் தங்கை. போன வருசம் துப்பாக்கி வெடித்தபோது காதைப் பொத்திக்கொண்டு, "செத்தவனை எதுக்குடா சுடுறீங்க?" என்று கேட்டாளே, அவள்தான். அன்றைக்கு அந்தக் கிராவல் பாதையில் நடந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "எங்கண்ணனுக்கு ரோடு போட்டானுவ. எனக்கு இருக்குதான்னு பாக்கறதுக்காவது ஒரு வருசம் இருக்கணும்டி." ஒரு வருசம் ஆவதற்குள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிய ஆரம்பித்த மழை விடவில்லை. ஓடையில் தண்ணீர். கரை என்று ஒன்று இருந்த இடத்தில் கரிசல் குழம்பிக் கிடந்தது. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பவர்களை அத்தை ஆயுள் முழுக்கத் திட்டியவள், அதனால் நான் போனேன். இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அத்தை கனமான உடம்பு. முன்னால் தாங்கிய வேல்முருகன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அத்தே, செத்த எறங்கி நடந்து வா, அந்தாண்ட போனதும் ஏத்திக்கிறோம்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலை தண்ணீரில் போனது. அத்தையின் கை வெளியே விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மிச்ச தூரமும் நடந்தேன்.

பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், ராஜவேல் கொல்லை. மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது. உள்ளே மேடு, கால் புதையாது. அவர் வரப்பில் குடையோடு நின்றார். பாடையைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நுழைந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாரோ என்னவோ. ஆனால் எங்கள் ஆட்கள் நுழைய மாட்டார்கள். அந்த வரப்பில் கால் வைத்ததற்காக ஒரு காலத்தில் அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

மனு என்று எழுதியிருந்தீர்கள். தெருவில் கையெழுத்து வாங்கி எப்போதோ கொடுத்தாயிற்று. அது நடக்கும்போது நடக்கட்டும். சாவு அதற்காகக் காத்திருக்காது.

அப்பாவின் கட்டுப்பாட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தீர்கள். அதை நான் உங்களுக்கு முன்னாலேயே படித்துவிட்டேன். அவர் பதவியில் இருக்கும்போதுதான் அம்மா இறந்தாள். வந்தார், பாதுகாப்பு ஆட்களோடு. காலுறையைக் கழற்றிவிட்டு இதே ஓடையில் இறங்கி நடந்தார். திரும்பி வரும்போது கேட்டேன்: இங்கே இருக்கிற அதிகாரிக்கு ஒரு வரி எழுதுங்கள் அப்பா, பாதை வந்துவிடும். "நான் எழுதினா அது வேண்டுகோளா இருக்காது பாப்பா, உத்தரவாயிடும். வேற ஒரு மாநிலத்து ஆளுநர் இங்க உத்தரவு போடக்கூடாது" என்றார். இரண்டு வருசம் அவரோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். அவர் பதவி முடிந்து ஊருக்கு வந்தபோது நெஞ்சு வலியோடுதான் வந்தார். நடக்க முடியவில்லை.

உங்கள் பாலத்துக் கதையை நாலு தடவை படித்தேன். அதில் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. அவர் பாலத்தைக் கேட்கவில்லை, சரி. ஆனால் கூட இருந்தவர்களை அந்த மூங்கிலில் நடக்க வைத்தாரே. அதைக் கட்டுப்பாடு என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது.

நீங்கள் அந்த ஓடையில் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா?

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்,
24 அக்டோபர் 2024

அன்புடைய சகோதரி வெற்றிச்செல்விக்கு,

தங்கள் அத்தையின் மறைவுக்கு என் இரங்கல். அவர் கேட்ட கேள்வியைச் சென்ற ஆண்டு நானும் என் காதால் கேட்டேன். அதிகாரிகள் முன்னிலையில் இப்படிப் பேசுகிறாரே என்று அன்று சங்கடப்பட்டேன்.

தங்கள் கடைசிக் கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை வரை என் பதில் ‘இல்லை’ என்பதே. அன்று குன்னம் பேருந்தில் ஏறிக் கரம்பைமேட்டுக்குச் சென்றேன். கிழக்குத் தெருவில் எவரிடமும் சொல்லாமல் ஓடையில் இறங்கினேன். தண்ணீர் வடிந்து முழங்கால் அளவே இருந்தது. வெறுங்கையோடு நடந்தவன்தான், எனினும் பாதி வழியில் விழுந்தேன். ஒரு காலணியை இழந்தேன். மயானத்தில் ஐயாவின் கல்லறை முன் நின்றபோது அந்தப் பொறியாளரின் செருப்பு நினைவுக்கு வந்தது. அன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அங்கிருந்து நேராகத் திரு. ராஜவேல் வீட்டுக்குப் போனேன். சேற்றுடன் நின்ற என்னைப் பார்த்து, "என்னா சார் இது, ஓடையில வுழுந்துட்டீங்களா" என்று முதலில் தண்ணீர் கொடுத்துக் கால் கழுவச் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சென்ற ஆண்டு அவர் கேட்டுக்கொண்டபடி பாதையை அகற்றினோம் என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் எடுக்கச் சொல்லலியே சார்."

அவரே தொடர்ந்தார்:

"கவர்னருக்கு வழி வேணும்னு கேட்டீங்க. பால் பிடிக்கிற சோளம், நானே அருவா எடுத்து வெட்டி வழி வுட்டேன். ஒரு வாரத்துல எடுத்துடுறேன்னு நீங்களாத்தான் சொன்னீங்க. படிச்சவரு சொல்றாரேன்னு சும்மா இருந்தேன். எடுத்துட்டும் போயிட்டீங்க. வெட்டுன எடம் அறுப்பு வரைக்கும் வெறுமனே கெடந்துச்சு. நடந்து போயிருந்தா நான் என்ன, வேணாம்னா சொல்லப்போறேன்?"

நினைவைத் தோண்டிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்கு நானே காலக்கெடு விதித்து, நானே அதைப் பிசகாமல் நிறைவேற்றி, அதற்காகப் பெருமையும் பட்டிருக்கிறேன். பிறர் நிலத்தைத் திருப்பித் தருவது ஒன்றே எனக்கு நேர்மையாகத் தோன்றியது. அவர் தர விரும்பியிருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு எழவே இல்லை.

இப்போது தருவீர்களா என்று கேட்டேன். அன்றைக்குக் கவர்னர் என்று சொல்லிப் பங்காளிகளின் வாயை அடைத்துவிட்டதாகவும், இன்றைக்குத் தெருவுக்கென்று கொடுத்தால் தம் சாவுக்குக்கூட அவர்கள் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு மெல்ல, "அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், அப்ப யோசிக்கிறேன்" என்றார்.

இதைத் தங்களிடம் சொல்வது என் கடமை. தாங்கள் ஒருமுறை வந்து கேட்பீர்களா? உடன் நான் வருகிறேன்.

அன்புடன்,
சி. குருநாதன்


அரியலூர்,
30 அக்டோபர் 2024

அண்ணே,

நாளைக்குத் தீபாவளி. எங்களுக்கு இந்த வருசம் இல்லை. ஆபீசில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே டிரைவர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு வெடி வெடிக்கிறார்கள். வேல்முருகன் மட்டும் வெடிக்காமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் ஓடையில் விழுந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "சாரு செருப்பு எந்த எடத்துல போச்சுன்னு கேளுங்க அக்கா, தேடித் தரேன்" என்றான். கிண்டலில்லை, நிஜமாகவே போவான்.

ராஜவேல் சொன்னதைப் படித்துவிட்டு அழுதேன். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அவரைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது வேறு. முத்தாத கதிரை அவரே வெட்டினார் என்பது எனக்குத் தெரியாது. அதை மட்டும் நேரில் பார்க்கும்போது அவரிடம் சொல்வேன்.

ஆனால் போய்க் கேட்க மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் தாத்தா அந்தக் கொல்லையில் கூலிக்கு நின்றார். அவர் கேட்டார். அப்பா நீதிபதியாக ஆன பிறகும் ஊரில் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இப்போது நான் போய் நின்று கேட்டால் அவர் கொடுப்பார், நல்ல மனிதர். ஆனால் அது எனக்குக் கொடுத்ததாக ஆகும். கவர்னருக்குக் கொடுத்தார், அப்புறம் கவர்னர் மகளுக்குக் கொடுத்தார் என்பார்கள். பொன்னுத்தாய் யாருடைய மகள் என்று அப்போதும் யாரும் கேட்க மாட்டார்கள். செத்தவர்களைக் கொண்டுபோக ஒரு வழி இருப்பது யாரும் யாருக்கும் செய்கிற உபகாரம் இல்லை.

பாதையை வாங்கியது நீங்கள், எடுத்ததும் நீங்கள். கேட்க வேண்டியவர் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒன்று சொல்லாமல் இருந்தேன். கடைசி மாதத்தில் உங்களைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன், இந்த மனுசனோடு எப்படி ஐந்து வருசம் ஓட்டினீர்கள் என்று. சிரித்தார். "குருநாதன் ஒரு தடவ தப்புன்னு ஒத்துக்கிட்டா போதும், அப்புறம் அவரை யாராலயும் நிறுத்த முடியாது" என்றார். அப்போது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்,
8 நவம்பர் 2024

அன்புத் தங்கை வெற்றிச்செல்விக்கு,

தாங்கள் கேட்க மறுத்தது சரி. தங்களைக் கேட்கச் சொல்லி எழுதியது என் பிழை.

நேற்று மீண்டும் கரம்பைமேட்டுக்குச் சென்றேன். போகும் வழியில் எங்கள் சொந்த ஊரை நினைத்துக்கொண்டேன். ஜெயங்கொண்டத்துக்கு அருகில் எங்கள் தெருவிலிருந்து மயானத்துக்குத் தார்ச்சாலை இருக்கிறது. என் தந்தையை அதன் வழியாகத்தான் கொண்டு சென்றோம். அது யார் நிலத்தில், எந்த ஆண்டில், எவர் கேட்டுப் போடப்பட்டது என்று இந்த ஐம்பது வயது வரை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. விதிகளை நேசிப்பவன் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வசதியாக அமைந்தவற்றை மட்டும் நான் விதி என்று கருதியிருக்கிறேன் போலும்.

திரு. ராஜவேல் கொல்லையில்தான் இருந்தார். அவர் மனைவி ஜானகி அம்மாளும் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றபடியே கேட்டேன். அந்தப் பொண்ணு வரவில்லையா என்றார் அவர். வரமாட்டார், வரவேண்டியதும் இல்லை என்றேன். எடுத்தவன் நான், ஆகவே கேட்பவனும் நான். கவர்னருக்காக அல்ல, கிழக்குத் தெருவுக்காகக் கேட்கிறேன். கிழக்குத் தெருவில் யார் இறந்தாலும் போவதற்காக. இதை ஒளித்துச் சொல்லி வாங்க எனக்கு விருப்பமில்லை என்றேன்.

அவர் ஒரு சோளத் தட்டையை ஒடித்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பின்பு, "இந்தத் தடவ எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"எடுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஜானகி அம்மாள்தான் பேசினார். "அன்னிக்கு அந்தக் கைய பாத்ததுலேருந்து இவரு சரியாத் தூங்கல. குடுத்துட்டுத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுக் களையை உதறிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

"இப்ப வெட்டச் சொல்லாதீங்க சார். போன வருசம் வெட்டுனதே இன்னும் மனசுல இருக்குது" என்றார் ராஜவேல். வெட்ட வேண்டாம், அறுவடை வரை காத்திருக்கிறோம் என்றேன். "தை பொறந்ததும் ஒடிச்சிடுவேன். அப்புறம் வண்டிய வுடுங்க. பங்காளிங்க கேட்டா, ஒருவாட்டி குடுத்தத ரெண்டாந்தரம் வாங்கிக்கிறது இல்லன்னு சொல்லிக்கிறேன்." ஊராட்சியின் பெயருக்கு அந்தத் துண்டு நிலத்தை எழுதிக் கொடுப்பதற்கும் தலையசைத்தார். பங்காளிகளின் எதிர்ப்பு இன்னும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. அவர்கள் வீடுகளுக்கும் நான் ஒவ்வொன்றாகச் செல்வேன். சிலர் கதவைச் சாத்தக்கூடும். மறுமுறையும் செல்வேன்.

கலையரங்க நிகழ்ச்சியைக் கைவிட்டுவிட்டேன். அச்சிட்ட அழைப்பிதழ்களைத் திரும்பப் பெற்று, புதியதை அனுப்பியிருக்கிறேன். முதலாம் ஆண்டு நினைவு மலரஞ்சலி, கரம்பைமேடு மயானத்தில், ஐயாவின் கல்லறை முன். நினைவு நாளில் மலர் வைக்கப்பட வேண்டிய இடம் கல்லறைதான் என்பது மரபும்கூட. அழைப்பிதழின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘செல்லும் வழி, ஓடைக்கரை. விருந்தினர்கள் அதற்கேற்ற உடையில் வருமாறு வேண்டப்படுகிறார்கள்.’ எங்கள் கல்லூரி முதல்வர் தொலைபேசியில், இது விளையாட்டா என்றார். அன்றைக்கு மட்டும் கிராவல் கொட்டிக்கொள்ளலாமே என்று குழுவினர் இருவர் யோசனை சொன்னார்கள். முடியாது என்று எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

ஓவியரிடம் கோட்டை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் திருத்தி வரையச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்தார். படத்தை எப்போது, எங்கே திறப்பது என்பதைத் தாங்கள் சொல்லும்போது செய்யலாம்.

நவம்பர் 21 அன்று காலை கிழக்குத் தெருவின் முனையில் நிற்பேன். வருகிறவர்கள் மாவட்டத்தின் பெரியவர்களாயினும் கல்லூரி மாணவர்களாயினும், அவர்களுக்கு முன்னால் ஓடையில் நான் இறங்குவேன். ஐயாவின் கல்லறையில் ஒரு மாலையும் தங்கள் அத்தையின் மண்மேட்டில் ஒரு மாலையும் வைப்பேன். தண்ணீரில் போன மாலைக்கு அது ஈடாகாது என்பதை அறிவேன். தை மாதம் சோளம் ஒடித்த மறுநாள், விடுதிக்குப் பின்னால் இருக்கும் தார்ப்பாயை நானே விலக்குவேன். வேல்முருகனின் வண்டியில் அந்தக் கிராவலை ஏற்றி, எங்கிருந்து அள்ளினோமோ அங்கேயே கொட்டுவேன். இம்முறை எவருக்கும் எந்தக் கெடுவும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
சி. குருநாதன்